கொக்குப் படமும் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையும்

உட்காருங்கள் தம்பி. திண்டிவனம் பஸ் இப்போதைக்கு வராது. வந்தாலும் இங்கே நிற்குமா என்பது அந்த டிரைவரின் மனசைப் பொறுத்தது. நான் பஸ்ஸுக்காக உட்காரவில்லை. சும்மா காற்றுக்காக உட்கார்ந்திருக்கிறேன். வெளுத்த வேட்டி கட்டியிருக்கிறேனே என்று பார்க்கிறீர்களா? வெளுத்த வேட்டி கட்டினால் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டுமா என்ன?

கழுத்தில் தொங்குகிற அந்தத் தூரக் கண்ணாடியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கழுவெளிச் சதுப்புக்குப் பறவை பார்க்க வந்தவர் என்று. என்ன பார்த்தீர்கள்? நாலைந்து கொக்கா? அவ்வளவுதானா? முன்னேயெல்லாம் வந்து கொட்டிக் கிடக்கும் என்று சொல்வார்கள். நான் கண்டதில்லை. கரையிலேயே பிறந்தேனே தவிர, பறவையை நிமிர்ந்து பார்த்தவன் இல்லை நான். அதற்கெல்லாம் நேரம் ஏது? இப்போது கோரை மண்டிப்போய்த் தண்ணீரே கண்ணில் படுவதில்லை, பறவை எங்கே வந்து இறங்கும் என்று காவலுக்குப் போட்டிருக்கிற ஆளே சொல்கிறான். அதற்கும் தனகோட்டிதான் காரணம். எல்லாவற்றுக்கும் அவன்தான் காரணம். சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்த நாலு கொக்கை நீங்கள் பார்த்தீர்களே, அது என்னால். சிரிக்காதீர்கள். வரும் வழியில் பச்சை போர்டு ஒன்று பார்த்திருப்பீர்கள், கொக்குப் படம் போட்டு, பறவைகள் காப்பிடம் என்று எழுதி. அதன் மேல் மூடியிருந்த துணியை இழுத்துத் திறந்தது இந்தக் கை. ஆதிமூலத்தின் கை. அதிகாரிகள் எல்லாம் நின்றுகொண்டு, "ஐயா, நீங்களே திறந்து வைங்க" என்றார்கள். திறந்ததும் பொன்னாடை போர்த்தினார்கள். தோளில் கிடக்கிறதே, இதுதான் அது. தனகோட்டி கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தான். அவன் தோளில் வெறும் துண்டு.

தனகோட்டி யார் என்று சொல்லவில்லை அல்லவா? எதிர்த்தெருக்காரன். எனக்கு மச்சான் முறை. கழுவெளியில் வலை கட்டிப் பிழைத்தவன், அவனும் அவன் தெருவும். என் வயசுதான் இருக்கும், ஆனால் நடையைப் பார்த்தால் இளவட்டம் என்று நினைப்பு.

எங்கள் ஊரில் முதல் கை என்று ஒரு முறை உண்டு தம்பி. ஊர்ப்பொதுவில் எது செய்தாலும், கரைக்கு மண் போட்டாலும் சரி, ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் கரைத்தாலும் சரி, முதலில் எங்கள் வீட்டுக் கை பட வேண்டும். எங்கள் வீட்டுக் கை பட்டால்தான் எங்கள் பங்காளிகள் கை வைப்பார்கள். அது வரைக்கும் கையை மடக்கிக்கொண்டு நிற்பார்கள். என் அப்பன் கை, அவனுக்கு அப்பன் கை, அப்படியே வந்தது. பெரிய சொத்து எங்களுக்குக் கிடையாது. இதுதான் சொத்து.

என் சம்சாரம் செத்த வருஷம், ஆடி மாசம் வந்தது. தீட்டு வீட்டுக்காரன் கூழ்ப்பானையில் கை வைக்கக் கூடாது என்று ஊர் கூடிப் பேசினார்கள். சரி. வைக்கக் கூடாதுதான். அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் தனகோட்டி வைக்கட்டும் என்றார்கள். நான் கோயில் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'அது மச்சான் வீட்டுக் கை, நான் வைக்க மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. முழங்கை வரைக்கும் பானைக்குள் விட்டுக் கலக்கினான் தம்பி. முழங்கை வரைக்கும். பெண்டாட்டியைப் பறிகொடுத்து நிற்கிறவனிடமிருந்து இன்னொன்றையும் பறித்தான். அடுத்த வருஷம் என் வாசலுக்கு வந்தான். எதற்கு வந்தானோ, யார் கண்டது. கதவைச் சாத்திக்கொண்டேன். அதோடு நான் கூழுக்கும் போவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை.

அதை விடுங்கள். எதிரே பாருங்கள், ரோட்டுக்கு அந்தப் பக்கம், சமுதாயக் கூடம். வாசலில் வெள்ளை வண்டி நிற்கிறதே. உள்ளே கூட்டம் நடக்கிறது. கழுவெளியை மதிப்பிடுகிறார்களாம். இது இரண்டாம் தடவை. நான் போகவில்லை. கூப்பிட்டால் போகலாம். கூப்பிடுகிற மாதிரி கூப்பிட வேண்டும்.

முதல் தடவை வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாசி மாசத்தில். மேகலா என்று ஒரு பெண், கூட இரண்டு பேர். படித்த பெண், ஆனால் நல்ல பெண். கூடத்தில் பாய் விரித்து எல்லோரையும் உட்கார வைத்தாள். நடுவில் படங்களைப் பரப்பினாள். ஒன்றில் மீன். ஒன்றில் மாடு மேய்கிறது. ஒன்றில் கிணறு. ஒன்றில் மழைத் தண்ணீரில் நிற்கிற வீடு. ஒன்றில் கோரைக்கட்டு. தள்ளி ஒரு மூலையில் கொக்கு.

"இந்தக் கழுவெளி உங்களுக்கு என்னென்ன செய்யுது?" என்று கேட்டாள்.

"செய்யுதா? அது பாட்டுக்குக் கெடக்குது பாப்பா" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தோம்.

அவள் கோபப்படவில்லை. மழைக்காலத்து வெள்ளத்தைக் கழுவெளி வாங்கி வைத்துக்கொள்வதால்தான் தெருவுக்குள் வராமல் இருக்கிறது என்றாள். கடல் உப்பு நம் கிணற்றுக்கு ஏறாமல் அதுதான் நடுவில் நின்று தடுக்கிறது என்றாள். மீன், புல், கோரை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற உதவி, மற்றது தெரியாத உதவி என்றாள். ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொடுப்போம், உங்களுக்கு எது பெரிய உதவியோ அந்தப் படத்தின் மேல் அதிகமாக வையுங்கள், சின்ன உதவிக்குக் கொஞ்சமாக வையுங்கள், அதை வைத்து நாங்கள் மேலே எழுதுவோம் என்றாள். விளங்குகிற விஷயம்தான். குழந்தைக்குக் கூட விளங்கும்.

பிறகுதான் அந்தப் பெண் ஒரு தப்பு செய்தாள். "முதல்ல யார் வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு, கிட்டே உட்கார்ந்திருந்தவன் கையில் புளியங்கொட்டையைக் கொடுத்தாள். கிட்டே உட்கார்ந்திருந்தவன் யார்? தனகோட்டி.

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். பார்த்தானே, அப்போதாவது என்னிடம் நீட்டியிருக்கலாம் அல்லவா? 'பாப்பா, முதல் கை அவருது' என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? அவன் வைத்தான். மீன் படத்தின் மேல் ஒரு குவியல், மீதியை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம்.

எழுந்தேன். அந்தப் பெண் கையிலிருந்த பையில் நானே கையை விட்டு அள்ளினேன். அவன் வைத்த படத்தின் மேல் நான் வைப்பேனா? அதற்குப் பக்கத்தில்கூட வைப்பேனா? அவன் கைக்கு எது தூரமோ அங்கே போனேன். மூலையில் கொக்கு இருந்தது. அத்தனையையும் கொக்கின் தலையில் கொட்டினேன். கொக்கே தெரியவில்லை, மூடிப்போயிற்று.

"ஐயா, பறவைங்க மேல இவ்வளவு பிரியமா?" என்று அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம்.

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அப்புறம் எங்கள் பங்காளிகள் ஒவ்வொருத்தராக வந்து கொக்கின் மேல் வைத்தார்கள். மாடு வைத்திருக்கிறவனும் கொக்கு, நெல் போடுகிறவனும் கொக்கு. தனகோட்டி தெருவிலிருந்து ஒருத்தன், "கொக்கு ஆதிமூலத்துக்குப் பங்காளி ஆயிடுச்சுடா, அடுத்த கூழுக்குக் கொக்குதான் முதல் கை" என்றான். சிரிப்பு. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் பெயர் தெரியும், முகம் தெரியும், ஒருநாள் அவனைக் கேட்பேன்.

கடைசியில் பெண்களைக் கூப்பிட்டாள். அவர்கள் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் அஞ்சலாட்சியும் இருந்தாள். புருஷன் போனபிறகு என்னோடுதான் இருக்கிறாள். அப்போது கழுவெளியில் கோரை அறுத்து, வெயிலில் காய வைத்து, பாய் முடைகிறவர்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப்போல இன்னும் எத்தனையோ பேர். அவள் கையில் புளியங்கொட்டையோடு வந்து குனிந்தாள். கோரைக்கட்டுப் படத்துக்கு நேரே கை வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை தம்பி. ஒரு செருமல் செருமினேன், அவ்வளவுதான். தொண்டை கரகரத்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கை அப்படியே நகர்ந்து கொக்கின் மேல் போயிற்று. அவளைப் பார்த்து மற்ற பெண்களும் அங்கேயே வைத்தார்கள்.

என் மகள் என் சொல்லைத் தாண்ட மாட்டாள். அப்படி வளர்த்திருக்கிறேன்.

எண்ணிப் பார்த்தார்கள். கொக்குதான் முதல். மீன் அடுத்தது. கோரைப் படம் வெறுமையாகக் கிடந்தது, ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண், "இங்க யாரும் கோரை அறுக்கிறதில்லையா?" என்று கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. "அப்போ எடுத்துடலாம்" என்று அந்தப் படத்தைச் சுருட்டிப் பையில் வைத்தாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. ஊரே பறவைக்காக நிற்கிறது என்று எழுதிப்போட்டிருக்கிறார்கள். போர்டு வந்தது. பொன்னாடை வந்தது. கம்பிவேலி வந்தது. காவலுக்கு ஆள் வந்தது. கழுவெளிக்குள் வலை கட்டக் கூடாது. அன்றைக்குத் தனகோட்டி வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டைத் தாண்டிப் போனான். நான் வாசலில் பொன்னாடையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு இறங்கிய சோறு மாதிரி என்றைக்கும் இறங்கியதில்லை.

மாடு விடக் கூடாது. கோரை அறுக்கக் கூடாது. அதையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். சொன்னால் சொல்லட்டும் என்று இருந்தேன்.

அஞ்சலாட்சி இப்போது உப்பளத்துக்குப் போகிறாள். விடியும்போது போய் வெயில் ஏறி வருவாள். காலெல்லாம் வெடித்துப் பிளந்து கிடக்கிறது. ராத்திரி விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உப்பு வேலை அப்படித்தான், எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் என்னோடு பேசுவதில்லை. சோறு வைப்பாள், மூடி வைப்பாள், போய்விடுவாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அப்பன் என்ன குறை வைத்தேன்? உப்பளத்துக்கு அவளைச் சேர்த்துவிட்டது யார் தெரியுமா? தனகோட்டி சம்சாரம். அந்த வீட்டுப் பேச்சு காதில் விழ ஆரம்பித்தால் எந்தப் பெண்ணும் அப்பனோடு பேச மாட்டாள்.

இந்தக் கோடையில் ஒருநாள் அவள் வேலிக்குள் புகுந்து கோரை அறுத்திருக்கிறாள். காவல்காரன் பிடித்துவிட்டான். அறுத்ததையும் அரிவாளையும் வாங்கி வைத்துக்கொண்டான். அந்த அரிவாள் அவள் அம்மாவுடையது. நான் போய்க் கேட்டேன். "ஐயா, நீங்களே இப்படிக் கேக்கலாமா, ஒங்க பேரைச் சொல்லித்தான் இந்த வேலியே போட்டோம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நானும் மரியாதையாகத் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரிதான் அவள் கடைசியாக என்னிடம் பேசினாள்.

"யப்பா, அன்னிக்கிக் கூடத்துல எது மேல உக்காந்துனு இருந்தீங்க எல்லாரும்?"

"எது மேல? தரையில."

"பாயில. நான் அறுத்த கோரை அது. அம்மாம் பேரும் அது மேல உக்காந்துனுதான் கோரைக்கு ஒண்ணுகூட வெக்கல."

கூட்டம் என்றால் பாய் விரிக்கத்தான் செய்வார்கள்.

அவள் அதை என்னிடம் மட்டும் சொல்லவில்லை. மேகலா வேலி பார்க்க வந்தபோது அவளிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாளாம். தப்பு எங்களுடையதுதான் அக்கா என்றாளாம். இன்னொரு தடவை எல்லோரையும் கேட்போம், கோரைப் படத்துக்குப் புளியங்கொட்டை விழுந்தால், பறவை கூடு கட்டாத மாசங்களில் பெண்கள் உள்ளே போய் அறுத்துக்கொள்ள விடும்படி எழுதலாம், அறுத்தால் பறவைக்கும் நல்லதுதான் என்றாளாம். அதற்குத்தான் இன்றைக்கு அந்த வெள்ளை வண்டி.

இதில் தனகோட்டி என்ன செய்தான் கேளுங்கள். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "மீனு கெடக்குதுப்பா, நாங்க எப்பிடியாவது பொழைச்சுக்குவோம். கோரை பொம்பளைங்க வயிறு. ஆதிமூலம் மச்சான் வந்து மொதல்ல கோரை மேல வெக்கட்டும், அடுத்த கை என்னுது" என்றானாம். பார்த்தீர்களா சூழ்ச்சியை? நான் கோரையில் வைத்தால் அவன் சொல்லி நான் வைத்ததாக ஆகும். கொக்கில் வைத்தால் மகள் வயிற்றில் அடித்தவன் என்று ஆகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அப்படிக் கட்டுவான் அவன்.

ஆனால் நான் வைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. காலையிலேயே குளித்து, வேட்டி கட்டி, இந்தப் பொன்னாடையை மடித்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ரோட்டைத் தாண்டினால் கூடம். அவன் வரட்டும். வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து, 'மச்சான், முதல் கை உங்களுது, வாங்க' என்று சொல்லட்டும். அவ்வளவுதானே? பெரிய காரியமா? நான் போய் வைத்தால்தான் எங்கள் பக்கம் கை விரியும். அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அதோ ஒருத்தன் வருகிறான் பாருங்கள். கலியமூர்த்தி, என் சித்தப்பா மகன்.

என்னடா, மூச்சு வாங்குது? எல்லாரும் உக்காந்தாச்சா? உக்காரட்டும்... நான் எங்க கோவமா உக்காந்திருக்கேன்? காத்து வாங்கறேன்... யாரு அனுப்பனது ஒன்ன? அவனா? அவன் ஏன் வரல? காலு இல்லையா அவனுக்கு?... போடா. போய்ச் சொல்லு. அண்ணன் பஸ்ஸுக்கு நிக்கறாருன்னு சொல்லு. போ.

கேட்டீர்களா தம்பி அவன் பேச்சை? "தனகோட்டி மாமா தானே வர்றேன்னுதாண்ணே எழுந்தாரு, நாங்கதான் வேணாம்னு உக்கார வெச்சோம். அந்த வருஷமும் முதல் கையத் திருப்பித் தரத்தானே ஒன் வாசலுக்கு வந்தாரு, நீ மூஞ்சிமேல கதவைச் சாத்தனயே" என்கிறான். இங்கே என்ன கதவு இருக்கிறது சாத்த? பஸ் நிற்கிற இடத்தில் கதவு உண்டா? வர வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் வந்திருப்பான். திருப்பித் தர வந்தானாம். தட்டு கொண்டுவந்தானா அன்றைக்கு? வெறுங்கையோடு வந்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேனே.

தம்பி, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கொடுக்கிறீர்களா? கெடுத்துவிட மாட்டேன். எப்படி வைப்பது? இப்படியா? எல்லாம் கலங்கலாக... ஆ, இந்தச் சக்கரத்தைத் திருப்ப வேண்டுமா?

அடடா. வாசலுக்குள் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதே. நடுவில் அந்தப் பெண் நிற்கிறாள். படங்களைப் பரப்பியிருக்கிறார்கள். கோரைப் படத்தை நடுவில் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள். கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பாருங்கள், ஒருத்தன்கூட விரிக்கவில்லை. முறை தெரிந்தவர்கள். கலியமூர்த்தி வந்து உட்காருகிறான். தலையை ஆட்டுகிறான். எல்லோரும் வாசலைப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கம்தான் பார்க்கிறார்கள்.

தனகோட்டி தெரிகிறான். முன்வரிசையில். பக்கத்தில் ஒரு பாயை விரித்துக் காலியாக விட்டிருக்கிறான். யாரோ உட்காரப் போனார்கள், கையைக் காட்டி எழுப்பிவிட்டான். யாருக்கு வைத்திருக்கிறானோ. எனக்கென்றால் தட்டு எங்கே? தட்டைக் காணோமே. ஆள் இளைத்துப் போய்விட்டான். கழுத்து எலும்பு தெரிகிறது. கண்ணாடியில் அப்படித் தெரியுமோ?

இருங்கள். பேசாதீர்கள். பின்னால் ஒருத்தி எழுந்திருக்கிறாள்.

அஞ்சலாட்சி.

இவள் ஏன் இப்போது எழுந்திருக்கிறாள்? பெண்கள் கடைசியில்தானே? நடந்து வருகிறாள். காலை ஊன்ற முடியாமல் நடக்கிறாள். அந்தப் பெண்ணிடம் கையை நீட்டுகிறாள். வாங்கிவிட்டாள். எங்கள் ஆட்கள் எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள். குனிகிறாள்.

ம்ஹூம்... க்கும்.

என்ன தம்பி? ஒன்றுமில்லை. செருமினேன். இங்கேயிருந்து அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது.

நிமிர்ந்து பார்க்கிறாள். வாசலைத்தான் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாளா? கண்ணாடியில் நேரே என்னைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது.

வைத்துவிட்டாள். கோரை மேல். அத்தனையும்.

கலியமூர்த்தி எழுந்துவிட்டான். அவனும் அங்கேயே வைக்கிறான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள், ஒருத்தர் தலை ஒருத்தரை மறைக்கிறது. தனகோட்டி? தனகோட்டி இன்னும் எழவில்லை. காத்திருக்கிறான். எங்கள் பக்கம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான்.

இந்தாருங்கள் உங்கள் கண்ணாடி. கை வலிக்கிறது. வெயில் வேறு.

பார்த்தீர்களா தம்பி? முதல் கை யாருடைய கை? எங்கள் வீட்டுக் கை. எங்கள் வீட்டுக் கை பட்ட பிறகுதான் ஊர் வைத்தது. தனகோட்டிக்கு முன்னால் எங்கள் வீடு. நான் இங்கே இருந்தாலும் அங்கே என் கைதான். இல்லையா? அவள் என் மகள்தானே? ஒரு வீட்டுக் கை என்றால் யார் கையாக இருந்தால் என்ன? நீங்கள் ஏன் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

வாசலுக்கு வருகிறாள். ரோட்டைத் தாண்டுகிறாள். இங்கேதான் வருகிறாள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

வாம்மா. வெயில்ல என்னத்துக்கு... என்ன இது? எனக்கா?... நில்லு. அஞ்சல, நில்லும்மா. இவரு வெளியூரு, பறவை பாக்க வந்தவரு, ஒரு வாய் தண்ணி...

போய்விட்டாள். நீங்கள் கேட்டீர்கள் அல்லவா, என்ன சொன்னாள்? "இது ஒன் பங்குப்பா. வண்டி இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும்." அவ்வளவுதான். எத்தனை மாசம் கழித்துப் பேசுகிறாள், அவ்வளவுதான் பேச்சு. என் கையைப் பிடித்து விரித்து, புளியங்கொட்டையை வைத்து, விரலை மடக்கிவிட்டுப் போகிறாள். அவள் கை எப்படி இருக்கிறது தெரியுமா? உப்புத்தாள் மாதிரி. எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

வண்டி நிற்குமாம். நின்றால்? போகலாம். போக முடியாதா எனக்கு? ரோட்டைத் தாண்டினால் கூடம். ஆனால் அவள் 'வா' என்று சொல்லவில்லையே. நீங்களே சொல்லுங்கள், பக்கத்தில்தானே இருந்தீர்கள். 'வாப்பா' என்று ஒரு வார்த்தை வந்ததா? வண்டி நிற்கும் என்றாள். வண்டி நிற்பது அழைப்பாகுமா? அப்பனை அழைக்கிற முறை இதுவா? அவன் பாய் விரித்து வைத்திருக்கிறான், வாய் திறந்து கூப்பிடவில்லை. இவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள், வாய் திறந்து கூப்பிடவில்லை. ஒரு சொல், ஒரே ஒரு சொல், அதைச் சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை.

கையெல்லாம் வேர்க்கிறது. புளியங்கொட்டை வழுக்குகிறது.

அதோ உங்கள் பஸ். அதிசயமாக நிறுத்துகிறான் பாருங்கள். ஏறுங்கள், ஏறுங்கள், பையைப் பார்த்து. நான் வரவில்லை, நான் எங்கே போகப்போகிறேன்.

தம்பி, தம்பி, ஒரு உதவி. இந்தப் பஸ் குறுக்கே நின்று மறைக்கிறது. எனக்குக் கூடம் தெரியவில்லை. அந்தப் பக்க ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த வெள்ளை வண்டி...

நிற்கிறதா தம்பி?